சேர்ந்து பார்த்தல்

பனிச்சங்கேணியில் தியேட்டர் இல்லை. படம் பார்க்க வாழைச்சேனை தாண்டி மட்டக்களப்புக்குப் போனால் ஒரு பகல் முழுக்கக் கரைந்துவிடும். ஆகவே வீட்டில் படம் பார்ப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். முழங்கால் நோவுள்ள என் அம்மா, நினைத்த இடத்தில் படத்தை நிறுத்தி, மாத்திரை போட்டுவிட்டு மறுபடி பார்க்கிறார். அது அவருக்குக் கிடைத்த விடுதலை.

என்னை உறுத்தும் கேள்வி வேறு. பக்கத்தில் ஆள் இல்லாமல் பார்க்கும்போது உணர்வு முழுமையாகுமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரச் சைவ ஞானி அபிநவகுப்தர் இதை ஆராய்ந்தார். ஆடலையும் பாடலையும் பலர் கூடி ஒன்றிக் காணும்போது ஒவ்வொருவர் உள்ளமும் மற்றவருக்குக் கண்ணாடியாகிறது, 'நான்' என்ற குறுக்கம் தளர்ந்து ஆனந்தம் பெருகுகிறது என்பது அவர் முடிபு. ஒருவர் ஒன்றாமல் இருந்தாலும் அது கலையும் என்றார்.

எங்கள் ஊர்க் கூத்து ஆடும் வட்டக்களரியில் அதைக் கண்டிருக்கிறேன். விடியப்புறம் அபிமன்யு விழுவான், மத்தளம் ஓயும். கச்சான் விற்கிற கிழவி சீலைத்தலைப்பால் கண்ணைத் துடைப்பா. அவவைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வரும்.

எண்பதுகளில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வளவில் பாய் விரித்து அயலே கூடிப் பார்த்தது. அதுவும் வீடுதான். இன்று ஒரே கூரையின்கீழ் நாலு பேர் நாலு போனில் நாலு படம் பார்க்கிறோம். இழப்பு அங்கேதான் இருக்கிறது.

போன்களை ஒருபக்கம் வையுங்கள். அயல்வீட்டாரையும் கூப்பிட்டு, ஒரு படத்தையாவது சேர்ந்திருந்து பாருங்கள்.