எத்தனை அறிவுயிர்?

தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவை வைத்துத் தரம் பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டு நாலறிவு. வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கப்படும் பிரிட்டில் ஸ்டார் இந்த வரிசையில் எங்கே நிற்கும்? அதை அடைத்து வைக்கலாமா என்ற கேள்விக்கு விடை தேடுவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நட்சத்திர மீனுக்கு உறவான இந்த உயிருக்குத் தலையில்லை, மூளையில்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையமும் அதிலிருந்து கைக்கொரு நரம்பும் மட்டுமே உண்டு. பகலில் பாறை இடுக்கில் கிடக்கும். விளக்கணைந்த பின் ஒரு துண்டு இறால் நீரில் விழுந்தால், முதலில் ஒரு கை மட்டும் நெளிந்து வெளியே வந்து நுனியால் துழாவும். பிறகே உடல் நகரும். தொடுவதும் சுவைப்பதும் முகர்வதும் கையடியிலுள்ள குழாய்க்கால்களே. கரீபியக் கடலின் ஓர் இனத்துக்கு உடலெங்கும் ஒளியுணர் செல்கள் இருப்பதை 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கண் என்று ஓர் உறுப்பு இல்லாமலே அது நிழலான இடத்தைக் கண்டு ஒதுங்குகிறது. ஆக, நான்கு அறிவுக்குக் குறைவில்லை. விளக்கணைந்தால் இரை வரும் என்று இன்னோர் இனம் கற்றுக்கொண்டதும் 2023இல் பதிவாகியிருக்கிறது. கற்பதற்கு மூளை வேண்டும் என்ற எண்ணமே இதனால் ஆட்டம் காண்கிறது. தொல்காப்பியரும் ஒவ்வொரு வகையிலும் பிற உயிர்கள் உண்டென்று சொல்லி, பட்டியலை மூடாமல்தான் விட்டார்.

உயிர்களை இதேபோல் புலனறிவால் எண்ணும் சமணத்தில், இல்லறத்தார் ஏற்கும் சிறுநோன்பான அணுவிரதம் ஈரறிவுயிர் முதலே கொல்லாமையைக் கேட்கிறது. எப்படி எண்ணினாலும் பிரிட்டில் ஸ்டார் அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. முறிந்த கை மறுபடி வளரும் என்பது அலட்சியமாகக் கையாள உரிமை தராது. அதற்கு இரையாக இறாலைக் கொல்வது தனிக் கணக்கு. அந்தக் கணக்கை வளர்ப்பவர்தான் சுமக்க வேண்டும்.

கொல்லாமை இங்கே உப்பளவில் வந்து நிற்கிறது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட நிலையம் கடல்நீரின் உப்பை நீக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடன் அமைக்கப்பட்டது. தொட்டி வைத்திருப்பவர் செய்வது இதற்கு நேர்மாறு: உப்பு நீக்கிய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்பைக் கரைக்கிறார். பிரிட்டில் ஸ்டாரின் உடலுக்குள் இருப்பதும் கிட்டத்தட்டக் கடல்நீரே. வெளியே உப்பு சட்டென மாறினால் உள்ளே சரிசெய்துகொள்ள அதற்கு வழியில்லை. அதனால்தான் பையில் வந்த உயிரைத் தொட்டியில் கொட்டாமல், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்த்துப் பழக்குகிறார்கள். மீன் நோய்க்கான செம்பு மருந்தும் அதைக் கொன்றுவிடும். இவை தெரிந்தும் அவசரப்படுவது அறியாப் பிழையில் சேராது.

வளர்த்தது போதும் என்று கடலில் விட்டால் புண்ணியம் என்பது பலரின் நம்பிக்கை. கையில் இருப்பது பெரும்பாலும் வேறு கடலிலிருந்து பிடித்து வந்த உயிர். காட்டுப்பள்ளிக்குத் தெற்கே எண்ணூர் முகத்துவாரத்தில் மழைக்காலக் கொசஸ்தலையாற்று வெள்ளம் உப்பைத் தணித்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெயும் படர்ந்தது. அந்த நீரில் விடுவது விடுதலையாகாது. அதே பக்குவத்தில் நீர் வைத்திருக்கும் இன்னொருவரின் தொட்டிக்கு, அதே சொட்டு முறையில் மாற்றிக் கொடுப்பதே சரி.