உடைமையும் உடையவனும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாளைக்கு ஒரு பொருள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, இல்லத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுத்துவரும் வழக்கம் இக்காலத்தில் சிலரிடம் காணப்படுகிறது. ஒரு நாள் ஒரு வேஷ்டி, மறுநாள் ஒரு பித்தளைக் குடம், அதற்கு மறுநாள் நான்கு புத்தகங்கள். ஆண்டு முடிகையில் அலமாரி பாதி காலியாகிறது. மனமும் இலேசாகிறது என்கிறார்கள். நல்ல வழக்கமே. ஆயினும் ஸ்ரீவைஷ்ணவனுக்கு இங்கே ஒரு கேள்வி எழுந்தே தீரும். ‘என்னுடையதை நான் கொடுத்தேன்’ என்று சொல்கிறோமே, இதில் ‘என்னுடையது’ என்பது எவ்வளவு தூரம் உண்மை? நம் ஸித்தாந்தப்படி இவ்வாத்மாவே எம்பெருமானுடைய ஸ்வத்து. ஸ்வத்தாக இருக்கும் ஒன்றுக்குத் தனியே ஒரு ஸ்வத்து உண்டோ? இல்லையெனில், நாள்தோறும் நாம் கொடுப்பது யாருடைய பொருள்? அதில் நமக்கு என்ன பெருமை?

இதைச் சிந்திப்பதற்குச் செஞ்சி மிகவும் ஏற்ற ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில்களால் வளைத்து எழுந்தது அவ்வூர்க் கோட்டை. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் அடிவாரத்தில், பருத்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. முற்றுகை வந்தால் தாங்குவதற்காக நெல்லைச் சேர்த்து வைத்த இடம் அது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டபோது கோட்டை எளிதில் விழவில்லை. ஆயினும் முடிவில் விழுந்தது. 1649இல் பீஜாப்பூர் ஸுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1714இல் ராஜா தேசிங்கு போரில் மாண்டபின் ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று அது கை மாறிக்கொண்டே வந்தது. கோட்டைக்குள் நாயக்கர் காலத்தில் எழுந்த வேங்கடரமணர் கோயிலின் கல்தூண்கள்கூட இடம் பெயர்ந்தன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. இன்று சீட்டு வாங்கியவர் எவரும் உள்ளே சென்று பார்க்கலாம். களஞ்சியத்தில் ஒரு மணி நெல் இல்லை.

இக்கோட்டைக்கு வடக்கே சிறிது தொலைவில், சிங்கவரம் என்னும் குன்றில், பல்லவர் குடைந்த குகைக் கோயிலில் ஸ்ரீரங்கநாதன் சயனித்திருக்கிறான். ஸ்ரீரங்கத்தின் நம்பெருமாளுக்கும் இவ்விடத்துக்கும் ஒரு ஸம்பந்தம் உண்டு. துலுக்கர் படையெடுப்பின்போது 1323இல் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட்ட நம்பெருமாள், பற்பல ஊர்களில் தங்கி, திருமலையில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தான். விஜயநகர ராஜ்யத்தின் அதிகாரியாகச் செஞ்சியில் இருந்த கோபணார்யன் அவனைத் திருமலையிலிருந்து செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணி, இப்பகுதியில் சில காலம் ஆராதித்து, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டிப்பித்தான். இச்செய்தியைச் சொல்லும் இரண்டு வடமொழி ச்லோகங்கள் திருவரங்கத்தில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை ஸ்வாமி தேசிகன் அருளியவை என்று ஸம்ப்ரதாயம் கொண்டாடுகிறது.

இங்கே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டுவது ஒன்று. கோபணார்யன் எம்பெருமானுக்கு ஒன்றைக் ‘கொடுத்தான்’ என்பது இக்கைங்கர்யத்தின் சிறப்பன்று. திருவரங்கம் அவனுடையது, அவனை அங்கே கொண்டு சேர்த்தான் என்பதே சிறப்பு. நாள்தோறும் ஒரு பொருளைக் கொடுப்பதையும் இப்படியே கொள்ள வேண்டும் என்பது நம் துணிபு. நாம் கொடுப்பவர் அல்லோம். உரியவனுடைய பொருளை உரிய இடத்தில் சேர்ப்பவர்.

வங்கிப் பணியில் பல்லாண்டு இருந்த நமக்கு இதற்கு ஒரு த்ருஷ்டாந்தம் தோன்றுகிறது. காலையில் இருவர் இரண்டு சாவிகளைப் போட்டால்தான் பணப்பெட்டகம் திறக்கும். காசாளர் நாள் முழுதும் லக்ஷக்கணக்கான ரூபாயை வாங்குகிறார், எண்ணுகிறார், கொடுக்கிறார். மாலையில் கணக்கு ஒத்துவந்தால் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேருகிறார். அவ்வளவு பணமும் கையை விட்டுப் போயிற்றே என்று அவர் வருந்துவதில்லை; ஒருவருக்கு ஐம்பதாயிரம் கொடுத்தோம் என்று தம்மை வள்ளலாக எண்ணுவதும் இல்லை. அதே மனிதர், தம் சொந்தச் சீட்டுப் பணம் பத்தாயிரம் வராமற்போனால் இரவெல்லாம் உறக்கமின்றிப் புரளுகிறார். பணம் பெரிதா சிறிதா என்பது இங்கே காரணமன்று. ஓரிடத்தில் மமகாரம் இல்லை; மற்றோரிடத்தில் இருக்கிறது. காசாளருக்கு வேறொரு கட்டுப்பாடும் உண்டு. உரியவர் வந்து கேட்கும்போது கொடாமல் வைத்துக்கொண்டால் அது குற்றம். மனம் போனபடி தம் உறவினருக்கு எடுத்துக் கொடுத்தாலும் குற்றமே. கொடுப்பதும் உடையவன் திருவுள்ளப்படி நடக்க வேண்டும்.

அத்திருவுள்ளத்தை எங்ஙனம் அறிவது? கீதையின் பதினேழாம் அத்யாயத்தில் எம்பெருமான் தானத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினான். கைம்மாறு செய்ய இயலாதவனுக்கு, தகுந்த தேச காலங்களில், கொடுக்க வேண்டியது கடமை என்று கொடுப்பது ஸாத்விகம். பலனை எண்ணியோ மனம் நொந்தோ கொடுப்பது ராஜஸம். மதியாமல், அவமதித்துக் கொடுப்பது தாமஸம். இவ்வளவுகோலைக் கையில் கொண்டு பார்த்தால், நாம் தினமும் கழிப்பவற்றுள் பல தாமஸத்திலேயே சேரும். கிழிந்த சட்டையையும் கைப்பிடி போன பாத்திரத்தையும் பணிப்பெண்ணிடம் தள்ளிவிட்டு அதைத் தானம் என்று எழுதிக்கொள்வது தகாது. அது நம் வீட்டுக் குப்பையை அவள் வீட்டுக்கு மாற்றியதே ஆகும். நமக்கு இன்னும் பயன்படும் ஒன்றை, அது மேலும் பயன்படும் இடத்தில், வணக்கத்தோடு சேர்ப்பதே கொடை.

நித்யமும் கொடுத்தவர் என்றால் நம் ஸம்ப்ரதாயத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்கு அருகே கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்து, வந்தவர்க்கெல்லாம் பகல் முழுதும் அன்னமிட்டவர். இரவில் அவர் திருமாளிகைக் கதவு சாத்தப்படும் ஓசை காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதி வரை கேட்டதாகவும், ‘இது என்ன ஓசை’ என்று பெருந்தேவித் தாயார் வினவியதாகவும் பெரியோர் அருளிச்செய்வர். திருக்கச்சிநம்பிகள் வாயிலாக இதைக் கேட்ட ஆழ்வான் மகிழவில்லை. தம் செல்வத்தின் ஆரவாரம் பிராட்டி திருச்செவி வரை சென்றதே என்று நாணினார். எல்லாவற்றையும் விட்டு, தேவிகளான ஆண்டாளோடு திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். வழியில் காட்டிலே ஆண்டாள் ‘பயம் உண்டோ’ என்று கேட்க, ‘மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ பயம்’ என்றார். அவர் அமுது செய்வதற்காக அம்மையார் கொணர்ந்த பொன்வட்டில் ஒன்று இருந்தது. அதை வாங்கி எறிந்துவிட்டு நடந்தார். பின்னர் திருவரங்கத்தில் உஞ்சவ்ருத்தியால் ஜீவித்தார். நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலும் அந்தக் கதவு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது என்பதை இதில் கவனிக்க வேண்டும். கொடையும் ஓர் உடைமையாகிவிடக்கூடும். ‘இன்று வரை முந்நூறு பொருள்களைக் கொடுத்துவிட்டேன்’ என்று எண்ணிக்கை வைத்திருப்பவர் வீட்டில், முந்நூற்றோராவது பொருளாக அந்த எண்ணிக்கை மீதமிருக்கிறது.

ஸ்வாமி தேசிகன் வழி வேறு. அவர் கொடுத்துக் குறைத்தவர் அல்லர், முதலிலேயே கொள்ளாதவர். உஞ்சவ்ருத்தியில் வந்த அரிசியில் யாரோ பொற்காசுகளைக் கலந்து இட்டபோது, அவற்றைப் புழு என்று எண்ணித் தர்ப்பையால் ஒதுக்கினார் என்பர். விஜயநகர அரசவைக்கு வித்யாரண்யர் அழைத்தபோது, அவர் விடையாக அனுப்பியது வைராக்ய பஞ்சகம். தினம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தினம் இரண்டை வாங்குகிற நமக்கு இது வேண்டிய பாடம். வாங்கும் வாயிலை அடைக்காமல் கொடுக்கும் வாயிலை மட்டும் திறந்தால், கணக்கு ஒருநாளும் ஒத்துவராது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் வரலாம். மாதந்தோறும் ஓய்வூதியம் வருபவர் எளிமையைப் பேசுவது எளிது. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அல்லாடுபவரிடம் இதைச் சொல்லலாமோ? சொல்லலாகாது என்பதே ஸமாதானம். தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் அதிதியையும் காப்பது க்ருஹஸ்தனுக்கு விதிக்கப்பட்ட கடமை. அதற்கு வேண்டியதைச் சேர்த்து வைப்பது குற்றமன்று. வீட்டில் மற்றவர் பயன்படுத்துவதை அவரைக் கேளாமல் எடுத்துக் கொடுப்பதும் த்யாகமன்று. தன் அலமாரியை விட்டுவிட்டு மனைவியின் சமையலறையில் தொடங்குகிற வைராக்யத்தை நாம் பார்த்ததுண்டு.

இரண்டாவது ஆக்ஷேபம்: ப்ரபந்நனுக்கு எம்பெருமானே உபாயமாயிருக்க, இத்தகைய வ்ரதம் எதற்கு? உபாயமாக அன்று. சேஷபூதனுக்கு ஏற்ற நடத்தையாக மட்டுமே. இதைச் செய்வதால் மோக்ஷம் வருவதில்லை. செய்யாவிட்டால் நின்றுபோவதும் இல்லை. கர்த்ருத்வம், மமதை, பலன் ஆகிய மூன்றையும் விட்டு, அவனே தன் பொருளைத் தன் ப்ரீதிக்காகத் தன் அடியார்க்குச் சேர்ப்பித்துக்கொள்கிறான் என்கிற ஸாத்விக த்யாகத்தோடு செய்தால், அது கைங்கர்யமாகிறது.

இதை நாள் கடத்தாமல் செய்ய வேண்டிய காரணம் இக்காலத்தில் ஒன்று உண்டு. பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இல்லங்கள் நம்மிடையே பல. பெற்றோர் பரமபதித்தபின் இரண்டு வார விடுப்பில் வரும் மகனோ மகளோ, ஐம்பதாண்டு ஸாமான்களை என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். பித்தளை எடைக்குப் போகிறது. பாட்டனார் அடிக்கோடிட்டுப் படித்த ஈட்டு வ்யாக்யானம் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அப்போது எதையும் நாம் கொடுத்ததாகாது, காலம் பறித்ததாகிறது. வ்யாக்யான நூல்களைப் படிப்பவரிடம் இன்றே கொடுத்தால், அவை மீண்டும் திறக்கப்படும். கோயிலாழ்வாரில் எழுந்தருளியிருக்கும் பெருமாளும் ஸாளக்ராமமும் நாம் கொடுக்கும் பொருள் வரிசையில் வரமாட்டா. ஆனால் நமக்குப் பின் திருவாராதனம் செய்யப்போகிறவர் யார் என்பதை நாம் இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடுவது, உடைமைகளைப் பற்றிக் கவலைப்பட்டு உடையவனை மறந்ததாகும்.

எல்லாவற்றையும் கொடுத்தபின்னும் ஒன்று மிஞ்சியிருக்கும். அது நமக்குப் பிறர் இழைத்த தீங்கின் கணக்கு. பாகப்பிரிவினையில் தம்பி வஞ்சித்தான், கஷ்டகாலத்தில் நண்பன் கைவிட்டான் என்று முப்பதாண்டுகளாய்ப் பூட்டி வைத்திருக்கும் அதை எவரும் தானப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கூரத்தாழ்வான் அதையும் கொடுத்தவர். சோழன் சபையில் அவர் திருக்கண்களை இழக்கக் காரணமாயிருந்தவன் நாலூரான். பின்னொருநாள் பேரருளாளன் ‘வேண்டும் வரம் கேள்’ என்றபோது, கண்ணைக் கேட்பார் என்று உடனிருந்தோர் எதிர்பார்த்தனர். ‘நான் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும்’ என்று ஆழ்வான் கேட்டார். பொன்வட்டிலை எறிந்த கை, தனக்கு வந்த வரத்தையும் தீங்கு செய்தவன் பக்கம் தள்ளிவிட்டது.

நாம் அவ்வளவு தூரம் போகவல்லோம் அல்லோம். ஆயினும் இன்று ஒரு வேஷ்டியும் நாளை ஒரு புத்தகமும் கை மாறும்போது, இது அவனுடையது, அவனடியாரிடம் சேர்கிறது என்று ஒரு கணம் நினைத்துக் கொடுப்பது நமக்கும் கூடும். அப்படிக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கைக்கு, என்றேனும் ஒருநாள் அந்தப் பழைய கணக்கையும் விட்டுவிடக் கூடுமானால், அதுவும் அவன் நிர்ஹேதுக க்ருபையே.

எம்பெருமானார் திருவடிகளே சரணம். ஆழ்வான் திருவடிகளே சரணம்.