கீழே இறங்கும் முளை

கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் வெளிப்பட்ட நம் அய்யா, தெச்சணம் வந்து தவசு இருந்தார். நாராயணரே வைகுண்டராய் வந்தவர்; நினைத்த மாத்திரத்தில் கலியை அழிக்க வல்லவர். ஆனாலும் ஆறு ஆண்டுகள் தவசு இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில். இந்த வரிசையை மக்கள் மனதில் பதிக்க வேண்டும். பீடம் முதலில் வரவில்லை. குழிதான் முதலில் வந்தது.

நம் ஊர்ப் பனையும் இதையே சொல்கிறது. பனங்கொட்டையைப் புதைத்தால் முளை முதலில் மேலே வராது, மண்ணுக்குள் இறங்கும். கீழே கிழங்கு திரண்ட பிறகுதான் மேலே குருத்து தெரியும். பதநீர் காண பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஒன்றும் தெரியவில்லையே என்று இடையில் தோண்டிப் பார்த்தவனுக்குக் கிழங்கு கிடைக்கும், பனை கிடைக்காது.

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகப் போன மகன், கையில் காசு நிற்கவில்லை என்று ஆறே மாதத்தில் வெளியே வருகிறான். நர்சிங் படிக்கிற மகள் முதல் வருடம் இரண்டு பாடத்தில் தவறினால், "போதும், கட்டிக் கொடுத்துவிடலாம்" என்கிறோம். ஊர் பார்க்க ஒருநாள் விருந்து வைக்க, பத்து வருடம் வட்டி கட்டுகிறோம். அவசரமும் கலியின் ஒரு மாயைதான். அது நாளைய விளைச்சலை இன்றைக்கே தோண்டித் தின்னச் சொல்லும்.

பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று எண்ண வேண்டாம். அய்யா காட்டிய துவையல் தவசைப் பாருங்கள். 700 குடும்பத்தார் கடலோரத்தில் தங்கி, நாள்தோறும் துவைத்துக் குளித்து, அளவாய் உண்டு, ஒழுக்கம் பழகினார்கள். ஒரே நாளில் வந்த தூய்மை அல்ல அது. தினமும் செய்து செய்து வந்தது. அப்படித் தலைநிமிர்ந்த மக்கள்தான் ஊர்தோறும் நிழல்தாங்கல் கண்டார்கள்.

அகிலத்திரட்டைப் பாருங்கள். 1841-இல் அரிகோபாலன் சீடர் ஓலையில் எழுதினார். அது அச்சில் வந்தது 1939-இல். இடையில் 98 ஆண்டுகள். அச்சுப் புத்தகத்தைக் கண்ணால் காணாமலே எத்தனையோ பேர் அந்த ஏட்டைக் காத்து, வாசித்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் அவசரப்பட்டிருந்தால் இன்று நமக்குத் திருஏடு வாசிப்பு ஏது?

ஆகவே மக்களே, பிள்ளையின் படிப்பையோ தொழிலையோ ஆறு மாதக் கணக்கில் அளக்காதீர்கள். "என்ன சம்பாதித்தாய்?" என்று கேட்கும் முன், "இன்று என்ன பழகினாய்?" என்று கேளுங்கள். வருமானத்தில் சிறு பங்கைத் தொடாமல் ஒதுக்குங்கள். தவறிய பாடத்தை மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பணிவிடைக்கு வந்து கண்ணாடி முன் நிற்கும்போது, அதில் தெரியும் முகத்திடம் ஒன்று கேளுங்கள்: "நான் இப்போது குழியில் இருக்கிறேனா, தரையில் இருக்கிறேனா?" குழியில் இருந்தால் வெட்கம் வேண்டாம். அய்யா இருந்த இடம் அது. அங்கிருந்துதான் பீடத்துக்கு வழி.

அய்யா சிவசிவ அரகரா!

அய்யா உண்டு!