திறக்காதே என்றால் ஏன் என்று கேட்கலாம்

ஐப்பசி மழையில் ஓர் இரவு மூன்று முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை என் மேசைக் கணினி எழவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றவே இல்லை. "போர்டு போயிருக்கும் மேடம், பழசு. புதுசா எடுத்துடுங்க" என்றார். பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க."

ஒரகடம் சாலையோரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மாடியில் ஐந்து பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆலைப் பேருந்துகளின் நேரத்தை வைத்துத்தான் அவர்களுக்கு இரவும் பகலும். அவர்களில் ஒருத்தி செய்யாறு பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்ததும் சார்ஜர் செய்யும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். மூன்று வருடம் அங்கே வேலை செய்தாள். ஒப்பந்தம் முடிந்ததால் இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். கணினியை நான் திரும்பத் தூக்கி வருவதைப் பார்த்தவள், "தொறந்து பாக்கலாமா டீச்சர்?" என்றாள்.

திறந்தோம். என்னிடம் இருந்தது ஒரு பழைய கையேடும் கொஞ்சம் பொறுமையும்தான். அவளிடம் பழகிய விரல்கள் இருந்தன. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினோம். எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் சொல்லும் அந்த இரும்புப் பெட்டியிலிருந்து உள்ளே ஓடும் இணைப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இருபத்து நான்கு ஊசிகள் கொண்ட பெரிய இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகு பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டோம். நல்ல நிலையில் இருக்கும் பெட்டி என்றால் அதன் விசிறி சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை. அப்படியானால் போனது இந்தப் பெட்டி. போர்டு போய்விட்டது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

மறுநாள் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிய பெட்டி வாங்கி வந்தோம். பின்பக்கம் நான்கு திருகுகள். உள்ளே பெரிய இணைப்பு, ப்ராசஸருக்குத் தனி இணைப்பு, ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று. தவறான பக்கம் திருப்பினால் எதுவும் உள்ளே போகாதபடிதான் செய்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கணினி எழுந்தது.

நான் எழுத வந்தது அதற்கு முன் நடந்த ஒன்றைப் பற்றி. கழற்றிய பழைய பெட்டியை அவள் வெளிச்சத்தில் பிடித்து, விசிறியின் கம்பி இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். "டீச்சர், அதோ குண்டா இருக்கு பாருங்க, கெப்பாசிட்டர். இதோட தங்கச்சியத்தான் மூணு வருஷம் போர்டுல வெச்சேன். எதுக்கு வெக்கிறோம்னு ஒருத்தரும் சொன்னதில்ல." பேசிக்கொண்டே பெட்டியின் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டாள்.

"தொடாதே, அதைத் திறக்கக் கூடாது" என்று கத்தினேன். கத்திய மறுநொடியே கடைக்காரரின் குரல் என் குரலில் கேட்டது.

அதனால் உட்கார்ந்து சொன்னேன். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை இந்தப் பெட்டி முதலில் நேர்மின்சாரமாக்கி அந்தக் குண்டு கெப்பாசிட்டரில் தேக்குகிறது. அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிறகுதான் அதைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டாக இறக்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தேக்கம் கொஞ்ச நேரம் இருக்கும். பழுதான பெட்டியில் எவ்வளவு நேரம் என்று நம்பிச் சொல்ல முடியாது. கை பட்டால் உயிர் போகலாம்.

கவனமாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "அப்போ அத எப்படி எறக்குறதுன்னு கத்துக்கிட்டா தொறக்கலாம்ல?"

திறக்கலாம் என்றேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. 'உன் பாதுகாப்புக்காகத்தான்' என்று ஒருவர் நம்மைத் தடுக்கும்போது அது எச்சரிக்கையா, பூட்டா? இரண்டும் ஒரே சொல்லில்தான் வருகின்றன. பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். காரணம் சொல்லப்படுகிறதா? எல்லோருக்கும் பொருந்துகிறதா? கற்றுக்கொண்டால் விலகுகிறதா? அந்தப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் மின்னல் படம் மூன்றுக்கும் ஆம் என்கிறது. "உங்களுக்குப் புரியாது" என்பது மூன்றுக்கும் இல்லை என்கிறது.

இந்தக் கேள்விகளைச் சட்டத்திடமும் கேட்கலாம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஓடும் இயந்திரத்தைப் பற்றியது. அதன் அருகே போய்ச் சோதிக்க, தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளியை மட்டுமே அனுமதித்தது. ஓடும் இயந்திரத்தின் முக்கியப் பாகங்களைப் பெண்ணோ இளவயதினரோ துடைக்கவும் எண்ணெய் போடவும் கூடாது என்றது. ஆபத்து உண்மையானது, மறுக்கவில்லை. ஆனால் ஆணுக்குப் பயிற்சி கதவைத் திறந்தது. இளவயதினருக்கு வயது திறந்தது. பெண்ணுக்கு எதுவும் திறக்கவில்லை. சிறுவன் ஒருநாள் வளர்ந்துவிடுவான். அந்த வரியில் பெண் மட்டும் வளர்வதே இல்லை.

அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் அந்தத் தடையை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு, கழிப்பறை போன்றவற்றை முதலாளியின் கடமையாக நிபந்தனை விதித்தது. இரவில் ஆபத்து இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்த ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை மாற்றியது. பெண்ணை வீட்டில் வைத்துப் பூட்டுவதற்குப் பதிலாக, பாதையில் விளக்குப் போடச் சொன்னது.

விளக்கு எல்லா இடத்திலும் போடப்பட்டதா? 2010 அக்டோபர் கடைசியில் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். ஆபத்து என்ற சொல் வெறும் சாக்கு அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதி உணவால் நோயுற்றார்கள். 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாத மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். வெளியே போனால் ஆபத்து என்றுதான் விடுதிகளில் பெண்களுக்கு நேரம் குறிக்கிறார்கள். அன்று ஆபத்து உள்ளே, தட்டில் இருந்தது. அவர்கள் சாலையில் கேட்டதும் காரணம்தான்: எங்கள் தோழிகள் எங்கே, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல கூரை வேண்டும்தான். அதன் வாசலிலும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை அங்கே தங்குபவளுக்கு வேண்டும்.

ஒரு மறுப்பு வரும். ஆயிரம் பேர் நிற்கும் லைனில் ஒவ்வொருத்திக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இலேயே இதற்குப் பாதிப் பதில் எழுதிவிட்டார்கள். பெண்களின் 'நளினமான விரல்கள்' பிறவிக் கொடை அல்ல. சிறு வயதிலிருந்து தையலிலும் வீட்டு வேலையிலும் பெற்ற பயிற்சி. பயிற்சி என்று ஒப்புக்கொண்டால் கூலி கொடுக்க வேண்டும். இயற்கை என்றால் இலவசம். மீதிப் பதில் என்னுடையது: என்ன வைக்கிறோம் என்று தெரிந்தவள் தவறாக வைக்கப்பட்டதையும் கண்டுபிடிப்பாள். எது ஆபத்து என்று தெரிந்தவள் ஆபத்தான வேலையை மறுக்கவும் செய்வாள். காரணம் சொல்ல நேரமில்லை என்பவர்கள் பல சமயம் அஞ்சுவது இந்த இரண்டாவதைத்தான்.

நானும் குற்றத்திலிருந்து தப்பியவள் அல்ல. வகுப்பில் எத்தனை முறை "அது சிலபஸ்ல இல்ல" என்று பெண்களின் கேள்வியை மூடியிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

பழைய பெட்டியைத் திறக்காமலே மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தோம். போன வாரம் அவள் என் கணினியில் உட்கார்ந்து, மகளிர் ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பினாள். நடுவில் கரண்ட் போனது. ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் இருட்டில் இருந்தோம். திரும்ப வந்ததும் அவள்தான் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது.