எழுதாதேம்மா!

அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். 200 பக்கம், கோடு போட்டது, கெட்டி அட்டை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், மாத்திரை டப்பாவுக்கு அடியில் இருக்கும்.

அம்மாவுக்கு வயது 78. வாக்கர் பிடித்துத்தான் நடை. இதயத் துடிப்பு சீராக இல்லை என்பதால், ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. மற்றபடி புத்தி படு தெளிவு. 31 வருஷம் தமிழாசிரியை. காலைப் பேப்பரில் ஒரு எழுத்துப்பிழையாவது கண்டுபிடித்த பிறகுதான் காபி இறங்கும்!

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஏஜென்ஸி மூலமாகப் பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று ஆள் வைத்தோம். இருவரையும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். நர்ஸிங் படித்தவர்கள் இல்லை. ஏஜென்ஸியில் சில நாள் பயிற்சி, அவ்வளவுதான்.

நான் பி.காம். கணக்கு படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் டே புக்கில் ஏற்றாவிட்டால் தூக்கம் வராது. சிஸ்டர்களுக்கு அதே சட்டத்தைப் போட்டேன். நடந்தவுடன் எழுத வேண்டும், சாயங்காலம் மொத்தமாக எழுதக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. ஒயிட்னர் கூடவே கூடாது. பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள்.

முதல் வாரம் பகல் சிஸ்டர், 'பாட்டிம்மா இன்று ரொம்ப அடம்' என்று எழுதியிருந்தார்.

"என்ன அடம் பண்ணாங்க?"

"உப்புமா வேணாம்னுட்டாங்க சார்."

"அப்ப அதை எழுதுங்க. காலை எட்டரை, உப்புமா நாலு வாய், வேண்டாம் என்றார்."

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? 'அடம்' என்று படிக்கிற ராத்திரி சிஸ்டர், அடம் பிடிக்கிற கிழவியைத்தான் பார்ப்பார். 'நாலு வாய்' என்று படித்தால், ஏன் நாலோடு நிறுத்தினார் என்று யோசிப்பார். யோசித்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், பல்செட் உரசி ஈறில் புண். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வருகிற நண்பர்களிடம் எல்லாம் அந்த நோட்டைக் காட்டினேன். அப்படிக் காட்டியதிலேயே என் தப்பு ஆரம்பித்துவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு நாள் ராத்திரி சிஸ்டர் எழுதியிருந்தார்: 'அதிகாலை 4.10. படுக்கை நனைந்தது. துணி மாற்றினேன். அழுதார்.'

சரியான பதிவு. நேரம் இருக்கிறது, நடந்தது இருக்கிறது, கருத்து இல்லை. அன்று காலை நியூஜெர்ஸியிலிருந்து அண்ணன் வழக்கம்போல 'அம்மா எப்படி இருக்காங்க?' என்று கேட்டிருந்தான். டைப் பண்ண சோம்பேறித்தனம். பக்கத்தை போட்டோ எடுத்து, 34 பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கை தவறி அல்ல. எல்லோரும்தானே கேட்கிறார்கள் என்று, தெரிந்தேதான் போட்டேன்.

பதினோரு மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து அத்தையின் போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். "என்ன அண்ணி, ராத்திரியில இப்படி ஆகுதாமே? வெக்கப்படாம டயப்பர் போட்டுக்க வேண்டியதுதானே?"

அத்தை நல்லவர். அக்கறையில்தான் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் போனை வைத்தார். என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பகல் சிஸ்டரிடம் மட்டும், "இதையெல்லாமாம்மா எழுதி வெப்பீங்க?" என்றார். அடுத்த அறையில் என் காதில் விழுந்தது. லேப்டாப்பை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை, அம்மாவின் பேச்சு குழறியது. பகலிலேயே தூங்கித் தூங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது.

"எப்ப விழுந்தாங்க?" டாக்டர் கேட்டார்.

"விழவே இல்லை டாக்டர்" என்று சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாக சுத்தமான கணக்கு. விழுந்ததாக ஒரு வரி இல்லை.

வெளியே வராந்தாவில் பகல் சிஸ்டர் அழுதுகொண்டிருந்தார். சனிக்கிழமை பாத்ரூமில் கால் வழுக்கி, வாஷ்பேசின் விளிம்பில் தலை பட்டிருக்கிறது. ரத்தம் இல்லை. பெரிய வீக்கமும் இல்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதாதேம்மா! எழுதினா ஊரெல்லாம் போன் பண்ணும்" என்று சொல்லியிருக்கிறார். சிஸ்டர் எழுதவில்லை. ராத்திரி சிஸ்டருக்குத் தெரியவில்லை. ரத்தம் உறையாத மாத்திரை மட்டும் வேளை தவறாமல் போயிருக்கிறது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அடி போதும். உள்ளே கசிவது நாள்கணக்கில் சேர்ந்து, பிறகுதான் வெளியே காட்டும்.

மண்டையில் துளை போட்டு வடித்தார்கள். பத்தாவது நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சும் திரும்பிவிட்டது. எனக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. ஏஜென்ஸிக்கு போன் போட்டு, 'ஆளை மாத்துங்க' என்றேன். கட்டிலில் படுத்தபடியே அம்மா சொன்னார்: "அவளை எதுக்குடா அனுப்பற? அவ சொல்லாதவ. சொன்னவன் நீ."

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரைப் பராமரிக்கும்போது தெரிய வருகிற விஷயம் யாருக்குச் சொந்தம்? சம்பளம் கொடுக்கிறவனுக்கா? நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நோட்டு என்னுடையது, பேனா என்னுடையது, எழுதுகிற ஆளுக்குக் காசு கொடுப்பவன் நான். ஆக, அதில் இருப்பதும் என்னுடையது. கணக்குப் பாடத்தில் இதற்கு நூற்றுக்கு நூறு போடுவார்கள்.

ஹிப்போக்ரடீஸ் பெயரில் வழங்கும் மருத்துவர் சத்தியப்பிரமாணம் ரொம்பப் பழசு, சுமார் 2400 வருஷம். அதில் 'நோயைப் பற்றி அறிந்தது' என்று மட்டும் சொல்லி விடவில்லை. வைத்தியத்துக்கு வெளியிலும்கூடக் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, எது வெளியே பேசத்தகாததோ அதைப் பேச மாட்டேன் என்று வருகிறது. அந்தக் காலத்து மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்ப்பவர். வீட்டுக்குள் வருகிறவருக்கு நோயைத் தவிர இன்னும் பல விஷயம் தெரிந்துவிடும் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. தினமும் பன்னிரண்டு மணி நேரம் அம்மாவோடு இருக்கிற சிஸ்டருக்குத் தெரிவதில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஒரு தடவை, "அம்மா உங்ககிட்ட அப்படி என்னதான் பேசிட்டே இருக்காங்க?" என்று கேட்டேன். "சும்மா பழைய கதை சார்" என்று முடித்துவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னது 2017-ல். அந்த வழக்கைப் போட்டவர், ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 91! 'இந்த வயசுல என்ன அந்தரங்கம்?' என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏஜென்ஸிகளும் ஆஸ்பத்திரிகளும் பயப்பட வேண்டிய சட்டம். ஆனால், தனி மனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளுகிற தகவலுக்கு அது பொருந்தாது. ஆக, நான் தப்பித்தேன். அம்மாவின் ஈரப் படுக்கையை 34 பேருக்குக் காட்டிய என்னை எந்தச் சட்டமும் கேட்காது.

அப்படியானால் சிஸ்டர் செய்தது சரியா? இல்லை. அம்மா சொன்னாலும் அந்த அடியை மறைத்திருக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1997-ல், ஃபியோனா கால்டிகாட் என்கிற மனநல மருத்துவர் தலைமையிலான குழு, நோயாளிகளின் விவரங்களைக் கையாள ஆறு விதிகளை வகுத்தது. எதற்கு வேண்டும் என்று முதலில் சொல், வேண்டிய அளவுக்கு மட்டும் எடு, வேண்டியவருக்கு மட்டும் காட்டு. சாராம்சம் இதுதான். முதியோர் பராமரிப்பு வேலைக்கும் அங்கே இதுதான் வழிகாட்டி. 2013-ல் அதே அம்மையார் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தார்: ரகசியம் காப்பதைப்போலவே, தேவையான இடத்தில் பகிர்வதும் கடமையாக இருக்கலாம். ரகசியத்தைக் காரணம் காட்டி, சொல்ல வேண்டியதையும் சொல்லாமல் விடுகிறார்கள் என்ற புகார் அங்கே வந்திருந்தது. எங்கள் பாத்ரூமில் நடந்ததும் அதுதான்.

அவர் என்ன சொல்லியிருக்கலாம்? "பாட்டிம்மா, தலையில பட்டிருக்கு. டாக்டர்கிட்டயும் ராத்திரி சிஸ்டர்கிட்டயும் சொல்லியே ஆகணும். வேற யாருக்கும் போகாது." அவ்வளவு போதும். ஆனால், அந்தக் கடைசி வாக்கியத்தை அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாதபடி செய்தவன் நான். நோட்டில் ஏறினால் என் போனில் ஏறும், என் போனில் ஏறினால் கோயமுத்தூர் வரைக்கும் போகும்.

அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பெத்த பிள்ளைக்குத் தெரிஞ்சுக்க உரிமை இல்லையா?" என்றான். அவன் பயம் எனக்குப் புரிகிறது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ராத்திரி மூன்று மணிக்குப் போன் அடித்தால் அடிவயிறு கலங்கும். ஆனால், அவனுக்குத் தேவை அம்மாவைப் பற்றிய செய்தியா, அம்மாவா? கேட்டேன். இப்போது தினமும் நேராக அம்மாவுக்கே போன் செய்கிறான். அவருக்கு எது சொல்லத் தோன்றுகிறதோ, அதைச் சொல்கிறார். சில நாள் ஒன்றுமே சொல்வதில்லையாம். புத்தி தெளிவில்லாத பெரியவர்கள் விஷயத்தில் வேறு யாராவதுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அது இதைவிடக் கஷ்டம். எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

'இவ்வளவும் பேசிவிட்டு நீ மட்டும் பத்திரிகையில் எழுதலாமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதியதை முதலில் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு வரிகளை அடித்தார். அவை இங்கே இல்லை. "படுக்கை விஷயம் இருக்கட்டும், அதுதானே சங்கதியே" என்றார். அத்தையைப் பற்றி 'அக்கறையில்தான் கேட்டார்' என்று சேர்க்கச் சொன்னதும் அம்மாதான்.

பகல் சிஸ்டர் எங்களோடுதான் இருக்கிறார். நோட்டு இப்போது அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில். சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு அன்றைய பக்கத்தைப் படிப்பார். நான் பார்க்க வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும். போன வாரம் கேட்டேன், கொடுத்தார். 'மதியம் 3.15. பால்கனிப் படியில் கால் தடுக்கியது. விழவில்லை. சுவற்றைப் பிடித்துக்கொண்டார்' என்று சிஸ்டர் எழுதியிருந்தார். 'சுவற்றை' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'சுவரை' என்று திருத்தி, ஓரத்தில் தேதியோடு கையெழுத்துப் போட்டிருந்தார் அம்மா.