ஒன்பதாம் சிக்னல்

திருவையாற்றில் தியாகராஜர் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6. வேளை நெருங்குவது முன்பே தெரிந்து சந்நியாசம் வாங்கிக்கொண்டார் என்பது மரபு. சொல்லிவிட்டு வரும் சாவு எல்லாருக்குமா வாய்க்கிறது?

தனக்கு அப்படி வாய்க்கும் என்று பெரியாழ்வார் நம்பவில்லை. உடல் தளர்ந்து கிடக்கும்போது அரங்கனை நினைக்க வராது என்று, தெளிவாக இருக்கையிலேயே சொல்லி வைத்துவிடுகிறார். திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க இதே பேச்சு.

யூனிக்ஸ் ஷெல்லில் இப்படி முன்கூட்டியே சொல்லி வைப்பதற்குப் பெயர் ‘டிராப்’. பாஷ் ஸ்கிரிப்டின் தலையிலேயே ‘எக்ஸிட்’டுக்கு ஒரு டிராப் வைத்து, தற்காலிகக் கோப்பை அழிக்கச் சொல்லிவிடலாம். வேலை முடிந்தாலும் சரி, நடுவில் யாராவது கண்ட்ரோல்-சி அடித்தாலும் சரி, அது ஓடும். லாகின் ஷெல்லை விட்டு முறையாக வெளியேறினால் லாக்அவுட் ஸ்கிரிப்டும் ஓடும்.

ஆனால் உடனே கொன்றுவிடும் 9-ஆம் சிக்னல் எந்த டிராப்பிலும் சிக்காது.

அப்போது யார் பொறுப்பு? ஆழ்வார் விவரமானவர், சொல்லி வைத்தது தன்னிடம் அல்ல, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பள்ளிகொண்டவனிடம். ஷெல்லுக்கு அந்த இடத்தில் கர்னல். திறந்த கோப்புகளை மூடும், நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் கிடக்கும் தற்காலிகக் கோப்பை மட்டும் அது தொடாது. மறுநாள் வருகிறவர்தான் தேடி அழிக்க வேண்டும்.