பெயர் சொல்லாமல் பேசும் உரிமை

பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கென்று அதிகாரத்தில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு விதி உண்டு. 1927இல் லண்டனின் சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் வகுத்தது. கூட்டத்தில் கேட்டதை யாரும் பயன்படுத்தலாம்; சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று மட்டும் வெளியே சொல்லக் கூடாது. பதவிக்குப் பயந்து வாய்திறக்காத அதிகாரியும் தூதரும் மனதில் இருப்பதைப் பேச இந்த விதி இடம் கொடுத்தது.

இப்படிப்பட்ட பேச்சுக்காகவே ஆய்வு நிறுவனங்கள் கடல்கடந்து அலுவலகம் திறக்கின்றன. 1958இல் லண்டனில் தொடங்கப்பட்ட பன்னாட்டு உத்தியியல் ஆய்வு நிறுவனத்துக்கு வாஷிங்டன், பெர்லின், பஹ்ரைன், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அலுவலகங்கள் இருக்கின்றன. 2002 முதல் அது சிங்கப்பூரின் ஷாங்ரி-லா ஹோட்டலில் ஆசியப் பாதுகாப்பு மாநாட்டை நடத்திவருகிறது. 2018இல் நம் பிரதமரும் அங்கே பேசினார். மேடைப் பேச்சு எல்லோருக்குமானது. அமைச்சர்கள் தனியாகச் சந்திக்கும் அறைகளின் கதவு மூடியிருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பகை நாடுகள் குண்டு போடுவதைவிட மூடிய அறையில் பேசுவது மேல்.

என் கேள்வி வேறு. பெயர் சொல்லாமல் பேசும் இந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலை நேரத்தில் கல்லூரி மாணவிகளும் கடை வேலை முடித்த பெண்களும் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. எந்த மூலையில் நிற்கக் கூடாது, எந்த நேரத்துக்குப் பிறகு தனியாகப் போகக் கூடாது என்பதெல்லாம் அங்கே வாய்வழியாகத்தான் வரும். "யாரோ ஒரு பொண்ணு சொன்னா" என்றுதான் அந்தப் பேச்சு தொடங்கும். சொன்னவள் பெயர் வராது; வந்தால் அவள் படிப்பு நின்றுவிடும். இதுவும் பாதுகாப்பு ஆய்வுதான். ஹோட்டல் அறையில் பெயரில்லாமல் சொன்னதற்கு 'உள்வட்டத் தகவல்' என்று பெயர். பஸ் ஸ்டாண்டில் பெயரில்லாமல் சொன்னதற்கு 'வதந்தி' என்று பெயர்.

சரி, பெயரோடு, முறைப்படி பேசினால்? எங்கள் ஊர்க் கொட்டப்பட்டு முகாமில் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் தப்பிவந்த போரை நிறுத்த, நோர்வேயின் அனுசரணையில் 2002இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. தாய்லாந்து, ஒஸ்லோ, பெர்லின், ஜப்பான் என்று ஊர் ஊராக நடந்தது. பெண்களின் நிலை பற்றிப் பேச ஓர் உபகுழு அமைத்தார்கள். இரு தரப்பிலிருந்தும் ஐந்து ஐந்து பெண்கள். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் பெரிய பேச்சுவார்த்தை நின்றது. உபகுழுவும் அதோடு போயிற்று. போர்க்காலம் முழுக்க வீடுகளைத் தாங்கி நின்றவர்களுக்குப் பக்கத்து அறையைத்தான் கொடுத்தார்கள். பெரிய மேசை கவிழ்ந்ததும் அதையும் பூட்டினார்கள். அமைதிப் பேச்சில் பெண்கள் இடம்பெற வேண்டும் என்று ஐநா பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2000ஆம் ஆண்டில். அதற்குப் பிறகுதான் இதெல்லாம் நடந்தது.

பெயரில்லாத பேச்சில் பொய்யும் கலக்கும், அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே கேள்வியை ஹோட்டல் அறைக்குள்ளும் கேட்க வேண்டும். அங்கே பொய் சொன்னால் அழிவது ஊர்கள். என்னைப் பொறுத்தவரை அளவுகோல் இதுதான்: உண்மையைச் சொன்னால் யாருக்கு அதிக இழப்போ, அவருக்கே மறைவு அதிகம் வேண்டும். அதிகாரம் கூடக்கூட மறைவு குறைய வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அந்த நியாயம் நமக்குத் தெரியாததல்ல.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அதில் ஏறுகிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் அவர்கள் கொள்ளும் அச்சம் எந்த நாட்டின் பாதுகாப்புப் பிரச்சினை? அங்கே அலுவலகம் திறந்து ஆசியாவின் பாதுகாப்பை ஆராய்கிறவர்கள், அவர்களிடமும் பெயர் கேட்காமல் கேட்டுப் பார்க்கட்டும். கேட்டதை வதந்தி என்று ஒதுக்காமல் அறிக்கையில் எழுதட்டும். அந்த விதிக்கு அப்போதுதான் அறம் என்று ஒன்று இருக்கும்.